ஓங்கு பண்பும் ஒடுங்கு பண்பும்: உயிரியல் வகுப்பறை குறித்துச் சில பேச்சுகள்

(ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கல்வி பற்றிப் பேச ஒரு பேங்க் கிளார்க் எதுக்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாவ்லோ ஃப்ரெய்ரே 1968இல் எழுதி முடித்த 'ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை'யில் பள்ளிக்கூடங்களில் நடப்பதற்கு 'வங்கிமுறைக் கல்வி' என்றுதான் பேர் வைத்தார். ஆசிரியர் பணம் போடுகிறவர், மாணவர் காலிப் பெட்டி. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்த உவமையில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. எங்க பேங்கில் போட்டவனுக்கு வட்டியாவது கிடைக்கும். போட்டதை எடுத்து அரிசி வாங்கலாம், மாடு வாங்கலாம். வகுப்பறையில் போடுகிறவரும் வாத்தியார், பரீட்சை அன்றைக்கு எடுக்கிறவரும் வாத்தியார். போட்ட அதே நோட்டு, அதே நம்பர், கசங்காமல் திரும்ப வரணும். நடுவில் பிள்ளை அதைச் செலவு செய்து பார்க்கவே கூடாது.

உயிரியலில் இது ரொம்ப முற்றிப்போயிருக்கிறது. கணக்கை யோசித்துப் போடணும், உயிரியலை நெட்டுருப் போடணும் என்று பெரியவர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: சாதி எங்கெல்லாம் உடம்பைத் தொடுகிறது? பிறப்பில், கல்யாணத்தில், சோற்றில், ரத்தத்தில், மலத்தில், பிணத்தில். இத்தனை இடத்திலும் உயிரியல் பாடமும் நிற்கிறது. இரண்டும் ஒரே தெருவில் குடியிருந்துகொண்டு ஒன்றையொன்று பார்த்ததே இல்லை என்பதுபோல நடந்துகொள்கின்றன. இது தற்செயல் இல்லை. பாடப் புத்தகத்தில் வரைகிற மனித உடம்புக்குத் தோல் உண்டு, நரம்பு உண்டு, எலும்பு உண்டு. தெரு மட்டும் கிடையாது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். மெண்டலின் பட்டாணிச் செடி எல்லாருக்கும் தெரியும். 1866இல் அவர் கட்டுரை அச்சானது. ஏழு பண்புகளை எடுத்து, நெட்டையையும் குட்டையையும் கலந்தார்; முதல் தலைமுறையில் எல்லாம் நெட்டை; அடுத்த தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று. இதைச் சொல்ல நம் பாடப்புத்தகத்தில் என்ன சொற்கள்? நெட்டை 'ஓங்கு பண்பு'. குட்டை 'ஒடுங்கு பண்பு'. கலக்காத செடி 'தூய' செடி. கலந்தது 'கலப்பினம்'. இந்த நாலு சொல்லையும் பாடத்தை மறந்துவிட்டு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இல்லை?

சொல்லை மாற்று என்று மட்டும் நான் கேட்கவில்லை. மாற்றினால் நல்லது, ஆனால் மாற்றுகிற வரைக்கும் பிள்ளைகள் என்ன செய்வது? பதினஞ்சு பதினாறு வயசுப் பிள்ளை 'ஓங்கு' என்று கேட்கும்போது அது உயர்ந்தது, வலிமையானது, எண்ணிக்கையில் மிகுந்தது என்று மூன்று பொருளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. மூன்றுமே தப்பு. இதை உடைக்க ஆய்வகம் வேண்டாம், வகுப்பில் இருக்கிற உடம்புகள் போதும். ரத்தத்தில் ஓ வகை ஒடுங்கு பண்பு. ஆனால் நம் பக்கத்தில் அதிகம் பேருக்கு இருப்பது அதுதான். ஆறு விரலோடு பிறப்பது பல குடும்பங்களில் ஓங்கு பண்பாக வருகிறது. ஊரில் எத்தனை பேருக்கு ஆறு விரல்? ஆக, ஓங்குதல் என்றால் இரண்டு மரபணு ஒரே செல்லில் சேர்ந்திருக்கும்போது எதனுடைய வேலை வெளியே தெரிகிறது என்பது மட்டும்தான். அதிகாரம் பற்றிய செய்தி அதில் எதுவுமே இல்லை.

குட்டைச் செடியின் கதை இன்னும் சுவையானது. மெண்டலின் குட்டைப் பட்டாணியில் ஜிப்ரலின் என்கிற வளர்ச்சி ஹார்மோன் தயாராகும் வழியில் ஒரு நொதி சரியாக வேலை செய்யவில்லை, தண்டு நீளவில்லை. அவ்வளவுதான் 'ஒடுங்குவது'. இதே ஜிப்ரலின் வழியில் வேறொரு இடத்தில் தடங்கல் ஏற்பட்ட நெல்தான் 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8. அதுவும் ஒடுங்கு பண்புதான். தண்டு குட்டை, அதனால் உரம் போட்டாலும் சாயாமல் நின்று கதிர் தாங்கியது. நெட்டை நெல்லெல்லாம் கவிழ்ந்து கிடந்த வயலில் குட்டை நின்றது. (பசுமைப் புரட்சியோடு நமக்கு வேறு கணக்குகள் பாக்கி உண்டு. அதை வேறு கூட்டத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.) நடவுக்குப் போகிற தாயின் பிள்ளைக்குப் பட்டாணியைவிட நெல் தெரியும். அங்கே ஆரம்பிக்காமல் பிள்ளை பார்த்தே இராத ஒரு மடாலயத் தோட்டத்தில் ஏன் ஆரம்பிக்கணும்? மெண்டல் இரண்டாவது நாள் வரட்டும்.

'தூய' என்ற சொல்லுக்கு வருவோம். இது சொல்லோடு நிற்பதில்லை. 1883இல் ஃபிரான்சிஸ் கால்டன் இனமேம்பாட்டியல் என்ற ஒன்றுக்குப் பெயர் வைத்தார். இங்கே ரிஸ்லி மூக்கை அளந்தார். எட்கர் தர்ஸ்டன் மதராஸ் மியூசியத்தில் உட்கார்ந்துகொண்டு மண்டையை அளந்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதி போட்டார். சாதியை உயிரியலாக்கும் வேலை அப்போது மும்முரமாக நடந்தது. சாதி என்பது ரத்தச் சுத்தத்துக்காக ஏற்பட்டது என்று நம்ம ஆட்களும் கிளம்பினார்கள். இதற்கு 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் பதில் சொல்கிறார்: பஞ்சாபில் இருக்கிற பார்ப்பனரும் சென்னைப் பார்ப்பனரும் ஒரே இனமில்லை, பஞ்சாப்பில் இருக்கிற பார்ப்பனரும் அங்குள்ள சமாரும்தான் ஒரே இனம், சென்னையிலும் அதே கதைதான் என்கிறார். 1948இல் 'தீண்டப்படாதோர்' நூலில் மூக்கை அளந்தவர்களுடைய அளவுகளையே எடுத்து அவர்கள் முகத்திலேயே திருப்பி வைக்கிறார். எதிரியின் அளவுகோலை வாங்கி அவனையே அளப்பது! உயிரியல் ஆசிரியர்கள் முதலில் படிக்க வேண்டிய செயல்முறைப் பாடம் இதுதான் என்பேன்.

அதற்குப் பிறகு மரபணுவையே படிக்க முடிந்தது. 1972இல் லெவான்டின் கணக்குப் போட்டார்: மனிதர்களுக்குள் இருக்கும் மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. 2013இல் ஹைதராபாத் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்களும் ஹார்வர்டைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து ஒரு முடிவு வெளியிட்டார்கள்: இந்தியாவில் இன்றைக்கு இருக்கிற ஏறக்குறைய எல்லாக் கூட்டங்களும் சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் கலந்து உருவானவை, அதற்கு அப்புறம்தான் அகமணம் இறுகியது. எல்லாருமே 'கலப்பினம்'. கதவைப் பிற்பாடு சாத்தினார்கள், சாத்தினதற்குச் சாஸ்திரம் எழுதினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் மக்காச்சோளத்துக்கும் கோழிக்கும் கலப்பின வீரியம் பற்றிப் பக்கம் பக்கமாகப் பாடம் இருக்கிறது. அதே ஊரில் கலந்து கட்டிக்கொண்டதற்காக 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. பாடத்தில் இருந்த புகழ்ச்சி தெருவுக்கு வரவே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கலப்புத் திருமணம் நல்லது, ஏனென்றால் கலப்பின வீரியம் வரும் என்று சில முற்போக்கு ஆசிரியர்கள் ஆர்வத்தில் சொல்லிவிடுகிறார்கள். வேண்டாம் தோழர்களே. மனிதரை நல்ல விதை, கெட்ட விதை என்று பார்ப்பது கால்டனுடைய கண். இரண்டு பேர் விரும்பிக் கட்டிக்கொள்வதற்கு மக்காச்சோளம் வந்து சாட்சி சொல்ல வேண்டியதில்லை. உயிரியல் சொல்ல வேண்டியது இதுதான்: 'ரத்தம் சுத்தம் என்று நீ சொல்கிற பொருள் உலகத்தில் எங்கேயும் இல்லை.' அதோடு அது உட்கார்ந்துகொள்ளலாம். மிச்சத்தை நாம் பேசிக்கொள்வோம்.

ரத்த வகைப் பாடத்தையும் இப்படித்தான். கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901இல் ரத்த வகைகளைப் பிரித்தார். ஒரு கண்ணாடித் தகடு, ஆன்டி-ஏ, ஆன்டி-பி நீர்மங்கள், ஆளுக்கொரு புது ஊசி, கூடவே ஒரு செவிலியர். இவ்வளவு கிடைத்தால் வகுப்பில் விருப்பப்பட்டவர்களுக்குச் செய்து காட்டலாம். கிடைக்காவிட்டால் ரத்ததான முகாமுக்குக் கூட்டிப் போங்கள். யாருடைய ரத்தம் யாருடையதோடு திரள்கிறது, யாருடையது சேர்கிறது என்று பிள்ளைகளே அட்டவணை போடட்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். அதை ஒட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கட்டி வருவதைத் தடுக்கணும் என்றது. சரி, தடுப்போம். ஆனால் கயிற்றை அறுப்பது காவலாளி வேலை. அந்த மணிக்கட்டுக்கு உள்ளே ஓடுவதைக் காட்டுவது ஆசிரியர் வேலை. இரண்டாவது நடக்காமல் முதலாவது நிற்காது.

இப்போது வெட்டுகிற விஷயம். நான் விலங்கியல் இளங்கலை படித்தவன். தவளையை அறுத்துப் பார்த்த கடைசித் தலைமுறைகளில் ஒருத்தன். 2011இல் குறைக்கச் சொல்லியும் 2014இல் நிறுத்தச் சொல்லியும் பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவு போட்டது. நல்லதுதான், தவளைகளுக்காக நான் அழுவதில்லை என்றாலும், நல்லதுதான். எங்கள் கல்லூரியில் யார் எதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தவளையைக் கொண்டுவருவது, மயக்குவது, மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி நிறுத்துவது, கடைசியில் அள்ளிக் கொட்டிக் கழுவுவது எல்லாம் ஆய்வக உதவியாளர். அவர் எங்க காலனிக்காரர். கையுறை எதுவும் கிடையாது. பேராசிரியர் வருவார், ஒரு குச்சியால் தொட்டு, இது இதயம், இது கல்லீரல் என்பார். எதைத் தொடுகிறாய் என்பது ஒருத்தர் வேலை, அதற்குப் பேர் என்ன என்பது இன்னொருத்தர் அதிகாரம். எனக்கு நரம்பைக் கிழிக்காமல் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்த உதவியாளர்தான். அவரை நாங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டோம், பேராசிரியரை ஐயா என்றோம்.

தவளை போனது, ஆனால் அந்தப் பிரிவினை போகவில்லை. தவளைக்குப் பதிலாக வந்த சார்ட்டும் கம்ப்யூட்டர் படமும் தொடுவதையே இல்லாமல் செய்துவிட்டன. தொடாமலே படிப்பது இந்த நாட்டுக்கு ரொம்பப் பழக்கமான கல்விதான்! அதனால் நான் ஒன்று முன்மொழிகிறேன். கறிக்கடையில் குடல் வாங்குங்கள். மாட்டுக் குடல் கிடைத்தால் அது, பிரச்சினை வரும் ஊர் என்றால் ஆட்டுக் குடல். அசைபோடும் பிராணியின் இரைப்பைக்கு நாலு அறை. ஒன்றில் துவாலைத் துணி மாதிரி சொரசொரப்பு, ஒன்றில் தேன்கூடு மாதிரி கட்டம், ஒன்றில் புத்தகத் தாள் மாதிரி அடுக்கடுக்கா மடிப்பு, கடைசி ஒன்றுதான் நம்முடையதைப் போல அமிலம் சுரக்கிற வயிறு. வைக்கோலில் இருக்கிற செல்லுலோஸை மாடு செரிப்பதில்லை, முதல் அறையில் இருக்கிற நுண்ணுயிர்கள் செரிக்கின்றன. இதைச் சுத்தம் செய்த அம்மாவின் பிள்ளைக்கு அந்தக் கட்டமும் மடிப்பும் கைக்குத் தெரியும். பேர் மட்டும் தெரியாது. பேரைக் கொடுத்துவிட்டால் அது அறிவியல்.

ஆனால் கவனம். 'உங்க வீட்டில்தான் இது சமைப்பீங்களே, நீ எழுந்து சொல்லு' என்று ஒரு பிள்ளையை நிறுத்தினால் அது பாடமில்லை, வதை. நம் இயக்கத்துக்குள்ளேயே ஒரு பேச்சு உண்டு: தோல் உரித்தவனுக்குத்தான் உடற்கூறு தெரியும், பறை காய்ச்சியவனுக்குத்தான் தோலின் இயல்பு தெரியும், அதனால் அந்த அறிவைப் போற்றுவோம் என்று. தெரியும் என்பது உண்மை. ஆவாரம்பட்டை தோலை என்ன செய்கிறது என்பது கொலாஜனும் டானினும் சேருகிற வேதியியல்தான். ஆனால் 1927இல் மகாடில் கூடியவர்கள் செத்த மாட்டு இறைச்சியை விடுவது என்று முடிவெடுத்தார்களே, அது அறியாமையினாலா? அறிவை எடுத்துக்கொண்டு, அந்த அறிவுக்குள் ஆளைக் கட்டிப் போடாமல் இருப்பது எப்படி என்பதுதான் கேள்வி. என் விடை சாதாரணமானது: மேசையில் வைத்தால் எல்லாரும் கழுவணும். ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே தொட்டியில். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 பள்ளிகளில் ஆரம்பித்த ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில் பிள்ளைகளைச் சிறு குழுவாக உட்கார வைத்துச் செய்து பார்க்க வைத்தார்கள். 2002இல் அரசே அதை மூடிவிட்டது. குழுவாக உட்காருவது கல்வியியலில் ஒரு 'முறை'. நம்மூரில் அது யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்ற சண்டை. முறைகளைப் பற்றிப் படிக்கும்போது இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

வடநெம்மேலியில் 1978இலிருந்து இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நாலு பாம்பின் நஞ்சை எடுத்துக் கொடுக்கிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி அதில்தான் தயாராகிறது. அவர்களில் இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பதக்கம் சரி. எந்த உயிரியல் வகுப்புக்காவது அவர்களைச் சம்பளம் கொடுத்து ஆசிரியராகக் கூப்பிட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

உணவுப் பாடத்தில் ஒரே ஒரு விஷயம் சொல்லி நகர்கிறேன். 'நேற்று என்ன சாப்பிட்டாய், எழுதி வா' என்பது நல்ல செயல்முறை என்று கையேடுகளில் இருக்கும். மாட்டுக்கறி சாப்பிட்ட பிள்ளை சாம்பார் என்று எழுதும். அந்த அட்டவணையிலிருந்து ஊர்ப் பிள்ளைகளின் இரும்புச்சத்தையும் பி12ஐயும் கணக்குப் போட்டால் வருவது பொய். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த நாட்டில் மலிவான இரும்புச்சத்தின் பேரைச் சொல்ல ஒரு பிள்ளை பயப்படுகிறது. அறிவியல் மொழியிலேயே சொல்வதென்றால், அந்த வகுப்பில் சாதி என்பது அளவீட்டுப் பிழை. பெயர் எழுதாத சீட்டில் வாங்குங்கள், முதலில் உங்கள் சீட்டைப் போடுங்கள்.

கடைசியாக, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. செல் சுவாசம். மைட்டோகாண்ட்ரியா, எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி, கடைசியில் ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு நீராகிறது. பிள்ளைகள் உயிரை விட்டு மனப்பாடம் பண்ணுகிற படம். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி. ஹைட்ரஜன் சல்ஃபைடு அந்த நொதியைத்தான் பிடிக்கிறது. பிடித்துவிட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. மலக்குழிக்குள் செத்துப்போகிற நம் ஆளுக்கு நடப்பது இது. 'விஷவாயு தாக்கி' என்று பத்திரிகையில் இரண்டு சொல்லில் முடிக்கிறார்களே, அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிற உயிரியல் இது.

பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம். ஆக்சிஜன் இல்லாத குழியில் நுண்ணுயிர்கள் மலத்தைச் சிதைக்கும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகின்றன. குழி அசையாமல் கிடக்கும்போது வாயு சகதியில் அடங்கி இருக்கும். கோலை விட்டுக் கலக்கியதும் கிளம்பும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம், குழிக்குள்ளேயே தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சத்தில் நூறு பங்கை நெருங்கும்போது மூக்கு நரம்பு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். அப்போதுதான் இறங்குகிறார்கள். எழுநூறு, ஆயிரம் பங்கு என்றால் சில மூச்சில் நினைவு போய்விடும். மேலே நிற்கிற தம்பி, அண்ணன் விழுந்ததைப் பார்த்துக் குதிக்கிறான். அவனும் விழுகிறான். ஒரே குழியில் ஏன் மூன்று பிணம் என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. விளக்கை இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிற நம்பிக்கையையும் இங்கே உடைக்கணும்: ஆக்சிஜன் போதுமான இடத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆளைக் கொல்லும் அளவு சல்ஃபைடு அங்கேயே இருக்கும், மீத்தேன் இருந்தால் வெடிக்கவும் செய்யும். (தயவுசெய்து வகுப்பில் இந்த வாயுவைத் தயாரித்துக் காட்ட வேண்டாம். ஈஸ்ட்டும் சர்க்கரையும் சுண்ணாம்பு நீரும் போதும்.)

1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். 2014இல் உச்சநீதிமன்றம் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது, 2023இல் முப்பது லட்சம் என்றது. விலை ஏறியிருக்கிறது. இந்தப் பாடத்தைப் படித்த பிள்ளை நாளைக்கு மாநகராட்சியில் இன்ஜினியராக, டாக்டராக, காவல்துறை ஆய்வாளராக உட்காருவான், உட்காருவாள். 'அவன் குடித்திருந்தான்' என்று எழுதுவதற்கு முன்னால் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் ஞாபகத்துக்கு வரட்டும்.

மார்க் பற்றிக் கேட்பீர்கள். மனப்பாடத்தை எதிர்க்கிறேனே தவிர மார்க்கை நான் எதிர்க்கவில்லை. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியல். பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த குழுமூர் அனிதா 2017 செப்டம்பர் 1 அன்று இறந்துபோனார். மார்க் முக்கியமில்லை என்று நம் பிள்ளைகளிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பிளஸ் டூ உயிரியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மீதி முப்பதும் ஆசிரியர் கண் வழியாகத்தான் வர வேண்டும். ஒரு மைக்ராஸ்கோப்பைச் சுற்றி நாற்பது பேர் நிற்கும்போது எந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் எட்டிப் பார்க்காமலே வீட்டுக்குப் போகிறது என்று வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பதிவேடு வையுங்கள். பார்த்தவர் பேருக்கு நேராக ஒரு டிக். வருஷம் முழுக்க.

செல் சுவாசம் - மலக்குழிப் பாடத்தை நாலு பீரியடுக்கு எழுதிப் பார்த்திருக்கிறேன். கேள்வித்தாளும் இருக்கிறது, பொதுத்தேர்வுக்கு வருகிற மாதிரிதான் கேட்டிருக்கிறேன், ஒரு மதிப்பெண் கேள்விகூட விடவில்லை. முப்பது நகல் எடுத்து வந்தேன், பின்னாலிருந்து கொடுத்து வாங்க. முன்னால் இருக்கிறவங்களுக்குப் பத்தாமல் போனால் பக்கத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.